டிவியை மியூட் செய்துவிட்டு ரேடியோவில் ஆபர்ன் ஆட்டம் கேட்பது எப்படி (கூடவே, ரேடியோவுக்கு போன் போடுவது எப்படி)

அலபாமாவுக்குக் குடிவந்த முதல் வருடம், எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு சனிக்கிழமை மதியம் ஆபர்ன் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டார். போனால் சுவர் நிறைய டிவி, ஆனால் சத்தமே இல்லை. ஜன்னல் விளிம்பில் ஆண்டெனா வளைந்த ஒரு ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. டிவி ஸ்பீக்கர் போய்விட்டது போல, கேட்டால் சங்கடப்படுவார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. பாதி ஆட்டம் போனபிறகு அவரே சொன்னார்: "டிவிக்காரனுக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். ரேடியோவில் பேசுகிறவர் நம்ம ஆள்."

அது உண்மை. டிவி வர்ணனை நாடு முழுக்கப் போவது, நடுநிலையாக இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழக அணிக்கும் தனி ரேடியோ வலையமைப்பு உண்டு, அதில் பேசுகிறவர் கூச்சமே இல்லாமல் ஒரு பக்கம். ஜார்ஜியாக்காரர்கள் லாரி மன்சன் குரலுக்காக 1966 முதல் 2008 வரை டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தவர்கள். ஆபர்னுக்கு ஜிம் ஃபைஃப், அவர் 2003இல் இறந்தபின் ராட் பிராம்லெட், அவரும் 2019இல் விபத்தில் போனபின் இப்போது ஆண்டி பர்ச்சம். ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்கள் 2013 நவம்பர் 30 அயர்ன் பௌல் (ஆபர்னும் அலபாமா பல்கலைக்கழகமும் வருடாவருடம் மோதும் ஆட்டம்) கடைசி நொடியை இரண்டு வர்ணனையிலும் கேட்டுப் பாருங்கள். 28-28, கடிகாரத்தில் ஒரே ஒரு நொடி, அலபாமா 57 கஜத்திலிருந்து கம்பங்களை நோக்கி உதைத்த ஃபீல்டு கோல் தூரம் போதாமல் விழ, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதை எண்ட் ஸோனின் (மைதானத்தின் கடைசிப் பகுதி) பின்கோட்டருகே பிடித்து மறுகோடி வரை ஓடி ஜெயிக்கவைத்துவிட்டார். டிவியில் வெர்ன் லண்ட்குவிஸ்ட் நாலு வார்த்தை சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார், கூட்டத்தின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதுவும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ரேடியோவில் பிராம்லெட்டின் தொண்டை கிழிகிறது பாருங்கள், அதைக் கேட்டபிறகு எனக்கு மறுபடி டிவி சத்தம் பிடிக்கவே இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். நாலு டவுன், பத்து கஜம், இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் ஒரு ஆட்டம் பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள், நான் எழுதி விளக்கினால் இன்னும் குழம்பும்.

படி 1: நிலையத்தைக் கண்டுபிடிப்பது

ஆபர்ன் விளையாட்டுத் துறையின் தளத்தில் எந்த ஊரில் எந்த அலைவரிசை என்று பட்டியல் இருக்கும். உங்களுக்கு எஃப்.எம். கிடைத்தால் எஃப்.எம்.மே எடுங்கள். ஏ.எம். நிலையம் என்றால் ஒரு விஷயம்: நிறைய ஏ.எம். நிலையங்கள் சூரியன் மறைந்ததும் சக்தியைக் குறைத்தாக வேண்டும் என்பது விதி. மதியம் இரண்டரை மணி ஆட்டத்துக்குக் கணீரென்று கேட்ட நிலையம் ராத்திரி ஏழு மணி ஆட்டத்தில் காணாமல் போகும், ரேடியோவைத் தட்டிப் பிரயோஜனமில்லை.

படி 2: யார் முந்துகிறார்கள்?

இரண்டையும் போட்டால் உடனே தெரியும், நேரம் ஒத்துவராது. ரேடியோக்காரர் "டச்டவுன்!" என்று கூவுவார், டிவியில் அப்போதுதான் குவார்ட்டர்பேக் குனிந்துகொண்டிருப்பார். இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் உலகத்தில் கிடையாது.

காற்றில் வரும் எஃப்.எம். பெரும்பாலும் முதலில் வரும். கேபிள், சாட்டிலைட் டிவி சில நொடி தாமதம். இணையவழி டிவி இன்னும் மோசம், அரை நிமிடம் வரைகூடப் பின்தங்கும். ஆப் வழியாக வரும் ரேடியோவும் அதே அளவு, சில நேரம் அதற்கு மேலும் பின்தங்கும். உங்கள் வீட்டில் எது முந்துகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வீட்டுக் கணக்கு உங்களுக்கு உதவாது.

படி 3: ஒத்திசைப்பது (நான் ஒரு சீசன் முழுக்க முட்டிக்கொண்ட இடம்)

எஃப்.எம். முந்துகிறது, அதனால் எஃப்.எம்.மைத் தாமதப்படுத்த வேண்டும். இப்படித்தான் நான் யோசித்தேன். ரேடியோவின் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் எடுத்து லேப்டாப்பில் செருகி, அதில் தாமதம் சேர்க்கும் மென்பொருள் ஓட்டி, அது கரகரக்க, வேறு ஒயர் வாங்கி, அதுவும் கரகரக்க, அக்டோபர் முடிந்துவிட்டது. இதற்கென்றே தாமதப் பொத்தான் வைத்த ரேடியோக்கள் விற்கிறார்கள், அந்தப் பக்கமும் கொஞ்ச நாள் சபலம் இருந்தது.

எதிர்வீட்டுப் பெரியவர்தான் ஒரே வரியில் தீர்த்தார். முந்திப் போகிறவனைத்தானே நிறுத்த முடியும், பின்னால் வருகிறவனைத் தள்ள முடியுமா என்றார். டிவியில் பாஸ் பொத்தான் இருக்கிறது, எஃப்.எம்.மில் இல்லை. ஆகவே டிவி முந்தும்படி செய்துகொள்ள வேண்டும். அதாவது, எஃப்.எம்.மைத் தூக்கி வைத்துவிட்டு, வேண்டுமென்றே தாமதமாக வரும் ஆப் ரேடியோவைப் போடுங்கள். இப்போது டிவி முந்தும். டிவியை பாஸ் செய்து, ரேடியோ வந்து சேர்ந்ததும் விடுங்கள். அவ்வளவுதான். ஒயருக்குக் கொட்டிய காசை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

(பெரியவர் மட்டும் எஃப்.எம். வைத்தே சமாளிக்கிறார், ஏனென்றால் அவர் டிவி பார்ப்பது கூரை ஆண்டெனாவில். அதில் தாமதம் கொஞ்சம்தான், அந்தச் சின்ன வித்தியாசம் அவருக்குப் பொருட்டில்லை.)

உங்கள் இணையவழி டிவி, ஆப் ரேடியோவையும் விடப் பின்தங்கினால் ரேடியோவைத்தான் நிறுத்த வேண்டும். லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் அந்த ஸ்ட்ரீமைத் திறந்து, கேச்சிங் என்ற இடத்தில் மில்லிசெகண்டை ஏற்றினால் தள்ளிப்போகும். பத்து நொடிக்கு 10000. போன் ஆப்களில் சிலவற்றில் பாஸ் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், சிலவற்றில் நேரலைக்குத் தாவிவிடும். தாவுகிற ஆப்பை உடனே அழித்துவிடுங்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இப்போது நுணுக்கம். எதை வைத்து ஒத்திசைப்பது? எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்தது: பந்து ஸ்னாப் ஆகும் (பின்னால் கைமாறி ஆட்டம் தொடங்கும்) கணத்தையும் வர்ணனையாளரின் பேச்சையும் பொருத்துவது. அவர் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார், எப்போதும் அரை நொடி, ஒரு நொடி பின்னால்தான் இருப்பார். அவர் பேச்சோடு படத்தைப் பொருத்தினால் உங்கள் படம் அவ்வளவு தாமதமாகிவிடும், அவர் ஜோசியம் சொல்வது போலவே இருக்கும்.

நடுவரின் குரலைப் பிடியுங்கள். நடுவர் மைக்கில் பேசுவது மைதான ஒலிபெருக்கியில் வரும், அது டிவியிலும் கேட்கும், ரேடியோ வர்ணனைக்குப் பின்னாலும் கேட்கும். இரண்டு சத்தத்தையும் திறந்து வையுங்கள். "ஹோல்டிங், அஃபென்ஸ்" என்று இரண்டு தடவை கேட்கும், எதிரொலி மாதிரி. டிவியை ஒரு கணம் பாஸ் செய்து விடுங்கள், இடைவெளி குறையும். இப்படித் தட்டித்தட்டி இரண்டு குரலும் ஒன்றாகும்வரை கொண்டுவந்து, அப்புறம் டிவியை மியூட் செய்யுங்கள். தள்ளிப் போய்விட்டால் பதறாதீர்கள், முன்னோக்கி ஒரு தாவல், மறுபடி தட்டல்.

ஆட்டம் தொடங்குமுன் நாணயம் சுண்டும்போதே நடுவர் மைக்கில் பேசுவார், அதை டிவி காட்டினால் அங்கேயே முடித்துவிடலாம். தவறவிட்டால் முதல் பெனால்டி வரை பொறுக்க வேண்டும். விசில் சத்தமும் உதவும், ஆனால் பேண்ட் வாசிக்கும்போது அதைப் பிரித்துக் கேட்பது கஷ்டம்.

படி 4: விளம்பர இடைவேளை

ஸ்ட்ரீமில் வரும் ரேடியோ தன் சொந்த விளம்பரங்களைச் செருகும். அவை ஒரு நொடி கூடக்குறைய முடியும், ஒத்திசைவு நழுவும். ஒவ்வொரு இடைவேளைக்கும் பிறகு இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டியதுதான். இரண்டு ஆட்டத்தில் கை பழகிவிடும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் ஆட்டம் கெட்டுப்போனதாக ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில் குற்றவாளி வாட்ஸ்அப். நீங்கள் இப்போது உலகத்தைவிட நாற்பது நொடி பின்னால் வாழ்கிறீர்கள், மறக்கக் கூடாது. ஸ்கோர் ஆப், நண்பர்கள் குழு, எல்லா அறிவிப்பையும் அணையுங்கள். பக்கத்து வீட்டு அலறலுக்கு மட்டும் மருந்தில்லை.

இன்னொரு பின்சேர்க்கை: காரில் கேட்கும்போது ஒரே வாக்கியம் இரண்டு தடவை வருகிறது, திடீரென்று சில நொடி முன்னே தாவுகிறது என்று கேட்டவருக்கு. அது எச்.டி. ரேடியோ (ஒரே நிலையம் அனலாக், டிஜிட்டல் இரண்டிலும் ஒலிபரப்புவது) வேலை. டிஜிட்டல் ஒலி சுமார் எட்டு நொடி தாமதமாக வரும், சாதாரண நாளில் அனலாகையும் அதே அளவு தாமதப்படுத்தி நிலையம் சமன்செய்யும். ஆட்ட நேரத்தில் சில நிலையங்கள் அனலாகின் தாமதத்தை எடுத்துவிடும். சிக்னல் குறையும் இடத்தில் உங்கள் கார் இரண்டுக்கும் நடுவே தாவும். கார் ரேடியோ அமைப்பில் எச்.டி.யை அணைத்தால் போதும்.

மைதானத்துக்கே போகிறீர்களா? ஆபர்னின் ஜோர்டான்-ஹேர் மைதானத்தில் பாக்கெட் ரேடியோவும் ஒரு காதில் இயர்போனும் வைத்துக்கொண்டு உட்காரும் பெரியவர்களைப் பார்க்கலாம். ஸ்ட்ரீம் அங்கே உதவாது, பாஸ் செய்ய மைதானம் டிவி இல்லை, அங்கே எஃப்.எம்.தான். பை கொண்டுபோனால் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும், 2017 முதல் ஆபர்ன் ஆடும் எஸ்.இ.சி. லீக் முழுக்க அதுதான் சட்டம். ஆட்டத்துக்குமுன் கழுகு மைதானத்தைச் சுற்றிப் பறந்து நடுவில் இறங்கும்போது மட்டும் இயர்போனைக் கழற்றுங்கள். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பேர் "வாஆஆர்" என்று இழுத்து, அது தரை தொடும்போது "ஈகிள்!" என்று முடிப்பதை ரேடியோவில் கேட்பது வேறு, நடுவில் நிற்பது வேறு. அணியின் பெயர் டைகர்ஸ், முழக்கம் கழுகு, ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

படி 5: திங்கட்கிழமை, போன்

சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு சர்ச், திங்கள் முழுக்க ரேடியோவில் சண்டை. பால் ஃபைன்பாம் நிகழ்ச்சி வார நாட்களில் நாலு மணி நேரம் ஓடுகிறது, பாதிக்கு மேல் நேயர்களின் கோபம்தான். உள்ளூர் நிலையங்களிலும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் உண்டு, முதல் தடவைக்கு அவைதான் நல்லது, சீக்கிரம் லைன் கிடைக்கும்.

முதலில் எடுப்பவர் தொகுப்பாளர் அல்ல. பெயர், ஊர், எதைப் பற்றி என்று கேட்பார். ஒரு வாக்கியம் தயாராக வைத்திருங்கள். "பொதுவாக டிஃபென்ஸ் பற்றி" என்றால் காத்திருப்பிலேயே மறந்துவிடுவார்கள், "நாலாவது டவுனில் பன்ட் அடித்தது தப்பு" என்றால் மேலே வருவீர்கள். பெயரைச் சுருக்கிக்கொள்ளுங்கள். நான் முழுப் பெயரைச் சொல்லி, தொகுப்பாளர் அதை மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்ததிலேயே என் நேரம் கொஞ்சம் போனது. இப்போது "ஓபலைக்காவிலிருந்து சென்" என்றுதான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: வீட்டிலுள்ள ரேடியோவை அணையுங்கள். மெல்லமாக வைப்பது போதாது, அணையுங்கள். கெட்டவார்த்தையை வெட்டுவதற்காக ஒலிபரப்பு சில நொடி தாமதமாகத்தான் போகும். என் முதல் அழைப்பில் நாற்பது நிமிடம் காத்திருந்து, லைனில் வந்து, "வார் ஈகிள்" சொல்லி ஆரம்பித்தேன். சமையலறை ரேடியோவிலிருந்து யாரோ "வார் ஈகிள்" என்றார்கள். யாரடா இது என்று நின்று கேட்டேன். நான்தான். ரேடியோவை அணைக்க ஓடித் திரும்புவதற்குள் அடுத்த ஆள் பேசிக்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஒரு கேள்வியோடு முடித்து, போனை வைத்துவிட்டுக் கேட்கிறேன் என்று இறங்கிவிடுங்கள். "எப்படி இருக்கிறீர்கள், உங்கள் நிகழ்ச்சி பிரமாதம்" என்று இழுப்பவர்களைக் கேட்டாலே எனக்கு ஆகாது.

வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் பதிவாகிறது. 2010 அயர்ன் பௌலில் 24-0 பின்தங்கியிருந்த ஆபர்ன் 28-27 என்று ஜெயித்தது. 2011 ஜனவரியில் "டேட்வில்லிலிருந்து ஆல்" என்று ஒருவர் ஃபைன்பாம் நிகழ்ச்சியில் பேசி, ஆபர்ன் ஊரின் டூமர்ஸ் கார்னர் ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தது தான்தான் என்று சொல்லி, "ரோல் டைட்" (அலபாமாக்காரர்களின் முழக்கம்) என்று முடித்தார். ஜெயித்த நாளில் ஊரே திரண்டு டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசி வெள்ளையாக்கும் மரங்கள் அவை. மண்ணைச் சோதித்தால் நிஜமாகவே களைக்கொல்லி. ஆளைப் பிடித்து, சிறைக்கும் அனுப்பினார்கள். மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை, 2013 ஏப்ரலில் வெட்டினார்கள். இப்போது நிற்பவை பிறகு நட்டவை. பெரியவர் இன்றும் அந்த மூலையைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார்.

கடைசிப் பின்சேர்க்கை: அலபாமாவில் படிப்பு முடித்துக் கோயம்புத்தூர் திரும்பிய ஒருவர், அங்கிருந்து இது முடியுமா என்று கேட்டிருந்தார். எஃப்.எம். கிடையாது, ஸ்ட்ரீம் மட்டும்தான், அதனால் உங்களுக்குப் படி 3இன் பாதித் தலைவலி இல்லவே இல்லை. நவம்பர் கடைசியில் மதியம் இரண்டரை மணி ஆட்டம் என்றால் உங்களுக்கு ஞாயிறு அதிகாலை இரண்டு மணி. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் தூங்குகிறவர்கள் பாவம்.