சபை உபதேசத்தோடு ஒத்துப்போகாத கருத்து இருந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபைக்குப் போய்க்கொண்டே, ஏதோ ஓர் உபதேசத்தை மட்டும் மனம் ஏற்க மறுக்கிறது. இந்த நிலையில் பலர் செய்யும் முதல் தவறு, தங்கள் கருத்து எதோடு மோதுகிறது என்று பார்க்காமலே "நான் துர்உபதேசத்தில் விழுந்துவிட்டேன்" என்று பயந்துவிடுவது. சபையில் காதில் விழுவதெல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல.

அஸ்திவாரமாக இருப்பது விசுவாசப் பிரமாணம். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் எழுதி, 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் விரித்தது. அதன்மேல் அந்தந்தப் பிரிவின் அறிக்கைகள்: ஆங்கிலிக்கன் சபைக்கு 39 பிரமாணங்கள், பிரஸ்பிட்டேரியன் சபைகளுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை. இவை இரண்டிலும் சேராமல், பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு ஊறிப்போனவை தனி. இரகசிய வருகையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாட்களில் வரும் உபத்திரவ காலத்துக்கு முன்பே சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்ற இந்தப் போதனை பரவியது 19-ஆம் நூற்றாண்டில், ஜான் நெல்சன் டார்பி என்ற போதகரின் வழியாக. விசுவாசப் பிரமாணம் சொல்வதெல்லாம், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க கிறிஸ்து மகிமையோடு திரும்ப வருவார் என்பதே. இரகசிய வருகையை ஏற்காதவர் பிரமாணத்தில் ஒரு வரியையும் மறுக்கவில்லை. "இயேசு நல்ல போதகர், அவ்வளவுதான்" என்பவர் மறுப்பதோ அஸ்திவாரத்தையே. அதைச் சின்னக் கருத்து வேறுபாடு என்று சொல்லிக்கொள்வது எதிர்ப்பக்கத்துத் தவறு.

அடுத்தது, கருத்தை மொட்டையாகச் சொல்வது. "எனக்கு நரகத்தில் நம்பிக்கை இல்லை" என்ற வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று நிலைப்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. அக்கினி என்பது உருவகம், தேவனை விட்டுப் பிரிந்திருப்பதே தண்டனை என்பது ஒன்று. பல சபைகளில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். துன்மார்க்கர் முடிவில் அழிந்து, இல்லாமலே போய்விடுவார்கள் என்பது இரண்டாவது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளின் அதிகாரபூர்வ உபதேசமே இதுதான். கடைசியில் எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்பது மூன்றாவது. 4-ஆம் நூற்றாண்டில் நீசாவின் ஆயர் கிரகோரி இந்த நம்பிக்கையோடு எழுதினார். இன்றும் அவர் புனிதர். அவருக்கு முன்பே அதே திசையில் யோசித்த இறையியலாளர் ஓரிகனின் பெயரோ, 553-இல் கூடிய திருச்சபைச் சங்கத்தின் கண்டனப் பட்டியலில் ஏறியது. இந்த மூன்றில் உங்களுடையது எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால், அது இன்னும் கருத்தாகவில்லை, மனவருத்தமாகத்தான் இருக்கிறது.

எழுதியதும், அதற்கு எதிரான வசனத்தில் வைத்து உரசிப் பாருங்கள். மத்தேயு 25:46-இல் "நித்திய ஆக்கினை", "நித்திய ஜீவன்" இரண்டிலும் வருவது "அயோனியோஸ்" என்ற ஒரே கிரேக்கச் சொல். ஆக்கினைக்கு அதை "ஒரு காலம் வரை" என்று குறைத்துவிட்டு, ஜீவனுக்கு மட்டும் "முடிவில்லாத" என்று வைத்துக்கொள்பவர், ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

சரித்திரத்தைக் கைக்கு வந்தபடி இழுப்பதும் அடிக்கடி நடக்கிறது. "வேதாகமப் புத்தகங்களை நிசேயாவில் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்" என்பது அதில் ஒன்று. அந்தச் சங்கத்தின் 20 விதிகளில் அப்படி எதுவும் கிடையாது. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் இன்றுள்ளபடி பட்டியலாக வருவது அலெக்சாந்திரியாவின் ஆயர் அதநாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில். ஆதாரம் ஒன்று பொய்யானால், சரியான உங்கள் வாதத்தையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

கேள்வியையும் மறுப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 751-ஆம் பிரிவு, திருமுழுக்குப் பெற்றபின் ஓர் உண்மையைப் பிடிவாதமாக மறுப்பதையோ பிடிவாதமாக ஐயுறுவதையோதான் தப்பறை, அதாவது துர்உபதேசம், என்கிறது. "பிடிவாதமாக" என்ற சொல் அங்கே சும்மா இல்லை. விடை தேடிக்கொண்டிருப்பவர் அதற்குள் வரமாட்டார்.

பெரிய சிக்கல் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் பல சபைகள் கேட்பது அடிப்படை விசுவாச அறிக்கை மட்டுமே. ஊழியரோ முழு அறிக்கைக்கும் உடன்படுவதாக வாக்குக் கொடுக்கிறார். ஞாயிறு பள்ளி ஆசிரியர் தன் சொந்தக் கருத்தைப் பிள்ளைகளிடம் சபை உபதேசம் போல நைசாகச் சொல்வது நாணயமில்லை. 1729-இல் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபைகளின் மன்றமான சினட் இதற்கு நல்ல வழி வகுத்தது: வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில் எந்த இடம் உறுத்துகிறது என்று ஊழியர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அது அத்தியாவசியமான விஷயமா இல்லையா என்று மூப்பர் சங்கம் தீர்மானிக்கும். நீங்களும் பொறுப்பை ஏற்குமுன் போதகரைத் தனியே சந்தித்து, எழுதிய வாக்கியத்தைக் காட்டி, "இதை வைத்துக்கொண்டு நான் இங்கே பாடம் நடத்தலாமா?" என்று கேட்டுவிடுங்கள். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும் நேரம் அதற்கு ஆகாது.

ஆராதனையில் ஒரு வரி நாவில் வரவில்லை என்றால் வாய்மூடி நின்று அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளலாம். ஆராதனையில் சொல்லும் இன்னொரு பழைய பிரமாணமான அப்போஸ்தலர் பிரமாணத்தில் "பாதாளத்தில் இறங்கினார்" என்ற வரியைப் பல மெத்தடிஸ்ட் சபைகள் சொல்வதே இல்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு ஞானப்பெற்றோராக நின்று "விசுவாசிக்கிறேன்" என்று பதில் சொல்வது அப்படியல்ல, அது வாக்குறுதி. அந்தக் கேள்விகளை ஒரு வாரம் முன்பே வாங்கி வாசித்துப் பாருங்கள். ஏதாவது தொண்டையில் சிக்கினால், வேறொருவரை நிற்கச் சொல்ல பெற்றோருக்கு அவகாசம் இருக்கும்.