பந்தை குடுத்துருங்க, இடத்தை குடுக்காதீங்க: சின்ன நாட்டு டீமுக்கு கவுன்டர் அட்டாக்

காரைக்குடில ஃபுட்பால் ஆடுற நம்ம பசங்ககிட்ட டிஃபென்ஸ் ஆடி கவுன்டர் அடிங்கடா, அதாவது பந்தை பிடுங்குன உடனே வேகமா திருப்பி பாயுங்கடான்னு சொன்னா உடனே பதினோரு பேரும் கோல் போஸ்ட் முன்னாடி வந்து நின்னுக்கிருவாங்க. அப்புறம் பந்தை தூக்கி அடிப்பாங்க, முன்னாடி அதை வாங்கிக்க ஆளே இருக்காது, பந்து அப்படியே திரும்ப வரும். தேவகோட்டைல ஒரு மேட்ச் இப்படியே ஆடி கடைசி பத்து நிமிஷத்துல ரெண்டு கோல் வாங்கி தோத்தோம், அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

அப்பத்தா வீட்டு முகப்புத் தரைல ஆத்தங்குடி சதுரக் கல்லுதான், அதுல வச்சுத்தான் இப்ப சொல்லிக்குடுக்குறேன். நேஷனல் டீம் ஆடுற கிரவுண்டு 105 மீட்டர் நீளம், 68 அகலம். ஒரு கல்லு பத்து மீட்டர்னு வச்சா பத்தரைக்கு ஏழு கல்லுல முழு கிரவுண்டும் வந்துரும். பதினோரு புளியங்கொட்டை எடுத்துக்கங்க. கீப்பர் போக மிச்சம் பத்தையும் 5-4-1ஆ (பின்னாடி அஞ்சு, நடுவுல நாலு, முன்னாடி ஒண்ணு) வைங்க, இல்ல அதே மாதிரி 4-1-4-1, எதுவானாலும் முன்ன பின்ன மூணு கல்லு, குறுக்க நாலு கல்லுக்குள்ள அடங்கணும். பெனால்டி பாக்ஸ் அகலமே 40 மீட்டர்தான், அதுக்கு வெளிய ஓரத்துல பந்து சுத்துனா சுத்தட்டும். பந்து இடது பக்கம் போனா பத்து கொட்டையும் சேந்து நகரணும், ஒண்ணு மட்டும் தனியா ஓடக்கூடாது.

ஒரு வரிசை ஆளுங்களுக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவுல ஒரு கல்லு, அவ்ளோதான். அது ரெண்டு கல்லாச்சுன்னா எதிர் டீமோட நம்பர் 10, அதான் கோல் வாய்ப்பை உருவாக்குறவன், அங்க வந்து பந்தை வாங்கி நம்ம கோல் பக்கம் திரும்பிருவான், கதை முடிஞ்சுச்சு. 2022 வேர்ல்டு கப்ல மொராக்கோவுக்கு அந்த இடத்தை மிட்ஃபீல்டர் அம்ராபாத் அடைச்சு வச்சிருந்தாரு, செமி ஃபைனலுக்கு முன்னாடி வரைக்கும் அவங்க வாங்குனது ஒரே கோல், அதுவும் சேம் சைடு கோல்.

நேஷனல் டீமுக்கு இது ஏன் செட் ஆகும்னா, மேட்சுக்கு முன்னாடி சேந்து பிராக்டிஸ் பண்ண ரெண்டு மூணு நாள்தான் கிடைக்கும், அதுக்குள்ள அழகா பாஸ் போட்டு ஆடுற ஆட்டம் வராது ஆனா நிக்கிற இடத்தை சொல்லிக்குடுத்துரலாம். 2019ல சேத்ரி இல்லாமயே நம்ம இந்தியா தோஹால போய் ஆசிய சாம்பியன் கத்தாரை 0-0 நிறுத்துச்சுல்ல, அது கட்டுக்கோப்பா நின்னதால வந்ததுதான்.

பந்தை பிடுங்க எப்ப பாயணும்னு பசங்க கேப்பாங்க. அவங்க பின்னாடி பாஸ் போடுறப்ப, டச் தப்புறப்ப, ஓரத்துல இருக்க டிஃபென்டர் (ஃபுல் பேக்) நமக்கு முதுகு காட்டி பந்து வாங்குறப்ப. மத்த நேரம் பொறுமையா நில்லுங்க.

பந்து கிடைச்சதும் போடுற முதல் பாஸ்தான் உயிர், அது கூட்டத்துல இருந்து வெளிய, முன்னாடி போகணும். 2018 வேர்ல்டு கப் பெல்ஜியம் ஜப்பான் மேட்சை தேடிப் பாருங்க. 2-2, தொண்ணூறு நிமிஷம் முடிஞ்சு இஞ்சுரி டைம், ஜப்பானுக்கு கார்னர், பெல்ஜியம் கீப்பர் கோர்துவா பந்தை பிடிச்ச உடனே டி ப்ருய்னாவுக்கு உருட்டி விட்டாரு, அவர் நடுவுல பந்தை காலோட தள்ளிட்டு ஓடுறாரு, ஃபார்வர்டு லுகாகு உள்ள வெட்டி ஓடி டிஃபென்டரை இழுத்ததால வலது பக்கம் முனியேவுக்கு வெட்டவெளி கிடைச்சுச்சு, முனியே தரையோட போட்ட கிராஸை லுகாகு தொடாம விட்டாரு, பின்னால வந்த ஷாட்லி உள்ள தட்டி விட்டாரு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது லுகாகுதான், பந்தை தொடாமயே ரெண்டு தடவை வழி திறந்து விட்டிருக்காரு.

கார்னரையும் விட்றாதீங்க. 2004 யூரோ கப்ல (ஐரோப்பிய நாடுகளோட போட்டி) கிரீஸ் நாக் அவுட் மூணு மேட்சும் 1-0, மூணும் ஹெட்டர், ஃபைனல் கோல் கார்னர்ல வந்தது.

பிராக்டிஸ்ல நான் வைக்கிறது இதான்: அரை கிரவுண்டுல எட்டு பேர் அட்டாக், ஆறு பேர் டிஃபென்ஸ், பந்தை பிடுங்குன நொடில இருந்து வெளிய நிக்கிறவங்க சத்தமா எண்ணணும், பத்துக்குள்ள நடுக்கோட்டைத் தாண்டுனா டிஃபென்ஸுக்கு பாயின்ட். வழி இல்லன்னா அவசரப்படாம பந்தை வச்சுக்கிட்டு மூச்சு வாங்கிக்கலாம், அதுக்கு அரை பாயின்ட் குடுங்க, அப்பதான் கண்ணை மூடிட்டு தூக்கி அடிக்கிறதை விடுவாங்க.