டோக்ரா முறையில் ஒரு மிட்கி சிலை வார்க்க

டோக்ரா என்பது மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பித்தளையை ஊற்றும் வார்ப்பு முறை. மெழுகைத் தொடும் முன் யாரை வார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், கொண்டாகாவ் ஊரில், பித்தளை வார்ப்பதையே தொழிலாகக் கொண்ட கட்வா சமூகக் குடும்பம் ஒன்றின் முற்றத்தில் உட்கார்ந்து நான் இந்த வேலையைக் கற்றேன். அவர்கள் வார்த்துக் கொடுக்கும் பித்தளை உருவங்கள் கோண்டு, முரியா மக்களுக்குச் சாமி. எந்தக் கையில் என்ன இருக்க வேண்டும் என்பது தெரியாமல் அங்கே யாரும் வேலையைத் தொடங்குவதில்லை.

நான் மிட்கியைத்தான் பரிந்துரைப்பேன். கதையைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஏழு அண்ணன்களுக்கு ஒரே தங்கை மிட்கி. அவள் காதலன் ஜிட்கு. அண்ணன்மார் வெட்டிய குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை. நரபலி கொடுத்தால் நிற்கும் என்று ஜிட்குவைக் கொன்றுவிடுகிறார்கள். அதே நீரில் மிட்கியும் உயிரை விடுகிறாள். இன்று இருவரும் தெய்வங்கள், காதலர்கள் வேண்டிக்கொள்ளும் தெய்வங்கள். மிட்கிக்கு அடையாளம் கூடை. கூடையை விட்டுவிட்டால் வெறும் பெண் பொம்மைதான் மிஞ்சும்.

உயரம் ஒரு விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். மொகஞ்சதாரோவின் நடனப் பெண்ணே 10.5 செ.மீ. தான். அதுவும் இதே மெழுகு வார்ப்புதான்.

முதலில் உள்மண். கரையான் புற்று மண்ணைச் சலித்து, உமியும் கொஞ்சம் சாணமும் சேர்த்துப் பிசைந்து, உடலை மட்டும் சற்று மெலிதாகப் பிடியுங்கள். உமி சூட்டில் கருகி, காற்று வெளியேற வழி விடும். நிழலில் நன்றாகக் காயட்டும். பிறகு தேய்த்து வழவழப்பாக்கி, அவரை இலைச் சாற்றைப் பூசுங்கள். அப்போதுதான் மெழுகு பிடிக்கும். சுவாமிமலைச் சிற்பிகள் உருவம் முழுவதையும் மெழுகிலேயே செய்து கனமாக வார்க்கிறார்கள். இங்கே மண்ணின் மேல் மெழுகு ஒரு தோல் மட்டும்தான்.

அடுத்தது மெழுகு நூல். இந்தக் கலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. தேன்மெழுகை உருக்கி வடிகட்டி, இழுத்தால் அறுந்துபோகாத பதத்துக்குக் குங்கிலியம் சேருங்கள். கட்வாக்கள் பிச்கி என்ற குழலில் அழுத்தி நூல் எடுப்பார்கள். இடியாப்ப உழக்கு போன்ற கருவிதான், கண் மட்டும் சிறியது. நூல்களை இடைவெளி விடாமல் உடலைச் சுற்றி ஒட்டுங்கள். தலை, கைகள், கூடை எல்லாம் திட மெழுகு. கழுத்து வளையங்கள், வளையல்கள், கூந்தல் கொண்டை ஆகியவற்றுக்குத் தனி நூல். நூல் வரிகளை விரலால் தேய்த்து அழிக்காதீர்கள். சந்தைக்காக மழமழவென்று செய்யப்படும் உருவங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கசக்கிறது. சுற்றிய கையின் ஓட்டம் தெரிய வேண்டும். உலகக் கண்காட்சிகள் வரை இந்தக் கலையைக் கொண்டுபோன கொண்டாகாவ் கலைஞர் ஜெய்தேவ் பகேலின் வேலையைப் பாருங்கள், புரியும்.

பாதத்தடியில் உலோகம் இறங்க ஒரு தடித்த மெழுகுக் குச்சியை ஒட்டுங்கள். உள்மண் நகராமலிருக்க ஓரிரண்டு மெல்லிய இரும்பு ஆணிகளை மெழுகின் வழியே குத்தி, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். சுற்றிய மெழுகு எவ்வளவு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெழுகைவிடப் பித்தளை ஏறக்குறைய 9 மடங்கு கனம்: 50 கிராம் மெழுகுக்கு 450 கிராம் பித்தளை, கூடவே ஊற்றுவாய்க்குக் கொஞ்சம்.

மேல்பூச்சில் முதல் படலம் கரித்தூள், மண், சாணம் கலந்த மெல்லிய குழம்பு. நூல் வரிகளைப் பிரதியெடுப்பது இதுதான், அவசரம் கூடாது. காய்ந்த பின் உமி கலந்த புற்று மண்ணைத் தடிமனாகப் போர்த்துங்கள்.

உலோகத்தை உருக்குவது வெட்டவெளியில் மட்டும். துத்தநாகப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. தோல் காலணி, கண்ணாடி கட்டாயம். முதல் வார்ப்பைப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். அச்சில் துளி ஈரம் இருந்தாலும் ஆவி வெடித்து உலோகம் முகத்தில் தெறிக்கும். அச்சைத் தலைகீழாகச் சூடாக்கினால் மெழுகு வடிந்து ஓடிவிடும். பிறகு செக்கச்செவேலென்று சுட்டெடுங்கள். பழைய கட்வா முறையில் பித்தளைத் துண்டுகள் நிறைந்த மண் கிண்ணத்தை அச்சின் வாயோடு ஒட்டி மூடி, உலையில் உருகியதும் அப்படியே கவிழ்ப்பார்கள். தொடங்குபவருக்குத் தனி மூசை, அதாவது உலோகம் உருக்கும் கிண்ணம், நல்லது. பித்தளை 900 டிகிரியைத் தாண்டி உருகும். பச்சை கலந்த வெண்சுடர் எழும்போது பதம். அச்சு சூடாக இருக்கும்போதே, நடுவில் நிறுத்தாமல் ஊற்றுங்கள்.

முழுதாக ஆறிய பிறகு மண்ணை உடையுங்கள். அச்சு மிஞ்சாது, ஒரு அச்சில் ஒரு மிட்கிதான். ஊற்றுவாயையும் ஆணிகளையும் அறுத்து, கம்பித் தூரிகையால் தேயுங்கள், பாலீஷ் வேண்டாம். சிறு ஓட்டை விழுந்திருந்தால் அப்படியே விடலாம். கூடைக்கே உலோகம் போய்ச் சேரவில்லை என்றால் மட்டும் உடைத்து மூசையில் போட்டு, உள்மண்ணிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.