மலைநாட்டு ஏத்தத்துக்கு சாதா சைக்கிளை கரண்ட் சைக்கிளா மாத்துறது எப்படி

ஒரு சார்ஜ்ல எத்தன கிலோமீட்டர் ஓடும்னு தான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க, ஆனா நம்ம பக்கம் தூரத்தை விட ஏத்தம் தான் பெட்டரியை குடிக்கும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோன்னு வைங்க, 100 மீட்டர் உசரம் ஏற 27 வாட் அவர் (பெட்டரியில உள்ள சக்தியை அளக்குற அளவு) வேணும், மோட்டர் சூடாகி வீணாப் போறதையும் சேர்த்தா 36 கிட்ட வரும். கடல் மட்டத்துல இருந்து ஹட்டன் சுமார் 1260 மீட்டர் உசரம், நுவரெலியா 1868, அப்போ அந்த 600 மீட்டருக்கே 220 வாட் அவர் போயிரும், நடுவுல ரோட்டு இறங்கி ஏறுறது, தூரத்துக்கு ஆகுறது எல்லாம் தனிக்கணக்கு. அதனால 48 வோல்ட் 20 ஆம்பியர் அவர், அதாவது 960 வாட் அவர் பெட்டரிக்கு குறைஞ்சு வாங்காதீங்க.

மோட்டர் வாங்குறதுக்கு முன்னாடி பிரேக்கை பாருங்க. மழையில ரிம் பிரேக் வழுக்கும், இறக்கத்துல பெட்டரி பாரமும் சேர்ந்து தள்ளும், டிஸ்க் பிரேக் உள்ள கியர் சைக்கிளா எடுங்க.

சக்கரத்துல வர்ற ஹப் மோட்டர் மலிவு, மாட்டவும் லேசு, ஆனா செங்குத்து ஏத்தத்துல மெதுவா சுத்தி சூடாகிரும். நான் சொல்றது பெடல் கிட்ட மாட்டுற மிட் டிரைவ் தான், அது சைக்கிளோட கியரையே பாவிக்கும், பின்னாடி பெரிய பல்சக்கரத்துக்கு மாத்திட்டா மோட்டர் திணறாம ஏறும்.

மாட்டும்போது ரெண்டு பக்க கிராங்கையும் (பெடல் மாட்டியிருக்கிற கையை) புல்லர்ங்கிற கழட்டுற கருவி போட்டு கழட்டுங்க, அப்புறம் அந்த ரெண்டையும் இணைக்கிற நடு அச்சை. நம்ம சைக்கிள்கள்ல பெரும்பாலும் அந்த அச்சைப் பிடிச்சிருக்கிற செயின் பக்க கப்புக்கு மரை எதிர்ப்பக்கம், கடிகாரம் சுத்துற பக்கமே திருப்பினா தான் கழரும், தெரியாம மத்தப்பக்கம் பலம் போட்டா இன்னும் இறுகிரும். அச்சு இருந்த சட்டத்துக் கூட்டோட அகலம் 68ஆ 73 மில்லிமீட்டரான்னு அளந்துட்டு தான் மோட்டர் கிட்டுக்கு காசு குடுங்க.

பெட்டரியை நடு சட்டத்துல, தாழ்வா. பொசிட்டிவ் நெகட்டிவ் மீட்டர்ல பாத்துட்டு இணைங்க, பியூஸ் இல்லாம வேணாம். வயர் கனெக்டருக்குள்ள போற இடத்துல கீழ தொங்குற மாதிரி ஒரு வளைவு விடுங்க, மிஸ்ட்லயும் மழையிலயும் வயர் வழியா வர்ற தண்ணி அங்கேயே சொட்டிரும், உள்ள போகாது.

13 செல் வரிசை உள்ள 48 வோல்ட் லித்தியம் அயன் பெட்டரின்னா சார்ஜ் போடுறது 54.6 வோல்ட் சார்ஜர்ல மட்டும், பக்கத்துல ஆள் முழிச்சிருக்கும்போது மட்டும். தோட்டத்து லய வீட்டுல எல்லாரும் ஒரே அறையில தூங்குற இடத்துல ராத்திரி முழுக்க போட்டு வைக்கவே வேணாம்.

ஓட்டும்போது கியர் மாத்துற நேரம் திராட்டிலை (மோட்டர் வேகத்தைக் கூட்டுற கைப்பிடியை) விட்டுட்டு மாத்துங்க, இல்லாட்டி செயின் சீக்கிரம் போயிரும்.