பழைய பிரிட்டிஷ் இசை நகைச்சுவைப் படங்கள்: சேகரிப்பவர்கள் கோட்டை விடும் இடங்கள்

1930-களின் பிரிட்டிஷ் இசை நகைச்சுவைப் படங்களை ஹாலிவுட்டோடு ஒப்பிட்டு, ‘பிரம்மாண்டம் இல்லையே’ என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு. இவற்றில் பாடி நடித்த பலர் மியூசிக் ஹால் எனப்படும் பாட்டு, நகைச்சுவைக் கதம்ப மேடையில் தேறியவர்கள். ‘சிங் ஆஸ் வீ கோ’ (1934) படத்தில் லங்காஷயர் பஞ்சாலை ஒன்று மூடப்படுகிறது. வேலை போனவர்களைப் பாடவைத்தபடி வெளியே அழைத்துப் போகிறார் கிரேசி ஃபீல்ட்ஸ். அந்தக் குரலின் குசும்பும் தெம்பும்தான் சரக்கு. கதை எப்படியோ போகட்டும்.

ஆக, பாட்டு எந்த நிலையில் கைக்கு வருகிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை, பிரிட்டன், ஐரோப்பாவின் பால் (PAL) ஒளிபரப்பு முறைக்கான டிவிடிகள் 25 ஃபிரேமில் ஓட்டும். 90 நிமிடப் படம் 86 நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். உறையில் 86 என்று பார்த்ததும் ‘வெட்டிவிட்டார்கள்’ என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு காட்சியும் போயிருக்காது. ஆனால் சரிசெய்யாத டிவிடியில் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறி நிற்கும். ‘எவர்கிரீன்’ (1934) படத்தில் ஜெஸ்ஸி மாத்யூஸின் குரல் ஏற்கெனவே மெல்லியது, இப்படி ஏறினால் கீச்சென்று கேட்கும். 24 ஃபிரேமில் ஓடும் புளூ-ரே கிடைத்தால் அதையே எடுங்கள்.

நிஜமான வெட்டு மறுவெளியீட்டுப் பிரதிகளில் இருக்கிறது. பாடி நடித்த நகைச்சுவை நடிகர் ஜார்ஜ் ஃபார்ம்பியின் ‘பூட்ஸ்! பூட்ஸ்!’ (1934) நெடுங்காலம் சுருக்கப்பட்ட வடிவில்தான் புழங்கியது. வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக விற்ற 9.5 மி.மீ. சுருள்களும் பெரும்பாலும் சுருக்கப் பதிப்புகளே. அழகான பொருள்தான், முழுப்படம் என்று நம்பி மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

பெயருக்கு மயங்குவது இன்னொன்று. ‘எல்ஸ்ட்ரீ காலிங்’ (1930) என்றதும் ‘ஹிட்ச்காக் படம்’ என்று விலையை ஏற்றுவார்கள். அவர் எடுத்தது சில பகுதிகளை மட்டும். முதன்மை இயக்குநர் ஏட்ரியன் புருனல்.

கடைசியாக, அந்தக் கால 35 மி.மீ. சுருளை ஏலத்தில் எடுத்து பீரோவில் வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். 1950-களின் தொடக்கம்வரை பெரும்பாலும் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிம்தான். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். கிடைத்தால் திரைப்படக் காப்பகத்துக்குச் சொல்லுங்கள். 16 மி.மீ. அப்படி எரியாது, ஆனால் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிம் அழியத் தொடங்கிவிட்டது. பக்கத்து டப்பாக்களையும் அது கெடுக்கும்.