தாலி கட்டுற நேரத்துல கேமரா விழுந்துடுச்சா? கையில இருக்கறத வச்சு சமாளிக்கறது எப்படி

கோயில் கல்யாணத்துல கேமரா அடி வாங்கினா கடைக்கு ஓடிடலாம்னு நெனைக்காதீங்க. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில்ல காலைல 9 மணிக்கு முகூர்த்தம்னா அங்க மால் திறக்கறதே 10 மணிக்குத்தான். கேஎல்காரங்களுக்கு (கோலாலம்பூர்) கேமரா கடைங்க இருக்கற புடு பிளாசா இருக்கேன்னு சொல்லுவீங்க, அங்க போயி பார்க்கிங் தேடி முடிக்கறதுக்குள்ள இங்க பந்தி போட்டுடுவாங்க. போன தடவ ஒரு குட்டிப்பையன் ஓடி வந்து ட்ரைப்பாட் கால்ல மோதி மொத்தமும் சாஞ்சுது, அன்னிக்கு செஞ்சு ஒப்பேத்தினதத்தான் எழுதறேன். ரெண்டாவது கேமரா பாடி வச்சிருக்கறவங்க இத படிக்காம அத எடுத்து ஷூட் பண்ணுங்க லா.

ஸ்டெப் 1: உடனே ஆன் பண்ணாதீங்க. லென்ஸ் குப்புற இருக்கற மாதிரி பிடிச்சு லென்ஸ் முன்னாடி மாட்டியிருக்கற ஃபில்டர் கண்ணாடி ஒடஞ்சிருக்கான்னு பாருங்க. ஒடஞ்சிருந்தா துணியால தொடைக்கவே கூடாது, அந்த தூளே லென்ஸ்ல கோடு போட்டுடும், குப்புற வச்சபடியே புளோவரால (கையால அமுக்கி காத்தடிக்கற ரப்பர் பம்ப்) ஊதுங்க. ஃபில்டரோட ரிங் நெளிஞ்சு கழலலயா, விடுங்க. வெறும் ரிங் இருந்தா படத்துக்கு ஒண்ணும் ஆகாது.

ஸ்டெப் 2: பேட்டரிய கழட்டி திரும்ப போடுங்க. லென்ஸயும் கழட்டி, தங்க கலர்ல இருக்குமே காண்டாக்ட், அத காய்ஞ்ச சுத்தமான துணியால தொடச்சு திரும்ப மாட்டுங்க. லென்ஸ் எரர் பல நேரம் இதுலயே போயிடும்.

ஸ்டெப் 3: ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யலன்னா மேனுவலுக்கு மாத்துன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா இப்ப வர்ற மிரர்லெஸ் லென்ஸ் நெறைய அப்படி இல்ல, நீங்க ஃபோகஸ் ரிங்க திருகினா உள்ள மோட்டர்தான் கண்ணாடிய நகத்துது, மோட்டர் போச்சுன்னா ரிங் சும்மா சுத்திட்டே இருக்கும். அதனாலதான் பேக்ல எப்பவும் ஒரு பழைய 50எம்எம் மேனுவல் லென்ஸ், அத உங்க கேமராவுல பொருத்தற அடாப்டரோட வைங்கன்னு சொல்றேன், செகண்ட்ஹேண்ட்ல வாங்குங்க, இன்னொரு ஜூமுக்கு காசு கொட்டறதவிட இது மேல். மெனுல 'லென்ஸ் இல்லாம ரிலீஸ்'ங்கறத ஆன் பண்ணி வைங்க, இல்லன்னா சில பாடி அத லென்ஸாவே மதிக்காது, கிளிக்கே ஆகாது. மணவறைல உக்காந்திருக்கறவங்க எங்கயும் போகப்போறதில்ல, லென்ஸ் துவாரத்த எஃப்/5.6 வச்சு, ஸ்கிரீன்ல மாலைய பெருசு பண்ணி பாத்து ஒரு தடவ ஃபோகஸ் வச்சா போதும்.

ஸ்டெப் 4: இங்கதான் எனக்கு உயிரே போச்சு. மெக்கானிக்கல் ஷட்டர் (தெறந்து மூடற பிளேடு) மாட்டிக்கிட்டா, பிளேடு இல்லாம சென்சாரே எடுக்கற எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாத்தி எடுக்கலாம் (பிளேடு, படத்த பிடிக்கற சென்சாருக்கு குறுக்க நின்னுட்டா அதுவும் முடியாது, விரல விட்டு தள்ளிடாதீங்க). மாத்தினேன், படமும் வந்துச்சு, ஆனா பொண்ணு மூஞ்சி பூரா கருப்பு பட்டை. யூடியூப்ல பாத்த மாதிரி ஷட்டர் ஸ்பீட 1/60 வச்சேன், போகல, 1/125 வச்சேன், அதுவும் போகல. அப்புறந்தான் வெளங்குச்சு, அந்த வீடியோ எல்லாம் அமெரிக்காகாரன் போட்டது, அவன் ஊர் கரண்டு 60 ஹெர்ட்ஸ், நம்ம மலேசியால 50. ஒரு ஹெர்ட்ஸுக்கு ரெண்டு தடவ மினுக்கும், அதனால இங்க லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுக்குது, ஷட்டர் அதோட ஒத்துப்போகணும், அதனால 1/100 இல்ல 1/50, வேற எதுவும் வேணாம். 1/100 வச்சதும் மூஞ்சி பளிச்சுன்னு வந்துடுச்சு. டெக்கரேஷன்காரங்க வைக்கற கலர் எல்இடி மட்டும் இதுக்கு அடங்காது, அது வேற வேகத்துல மினுக்கும், தாலி கட்டற வரைக்கும் அத ஆஃப் பண்ண சொல்லுங்கண்ணேன்னு கேட்டா பண்ணிடுவாங்க.

இன்னொண்ணு, எலக்ட்ரானிக் ஷட்டர்ல முக்காவாசி கேமராவுல ஃபிளாஷ் அடிக்காது, வெளிச்சம் பத்தாததுக்கு ஐஎஸ்ஓவ 3200 வரைக்கும் தயங்காம ஏத்துங்க. கெட்டி மேளத்தப்ப தவில்காரர் கையில இருக்கற குச்சி படத்துல வளைஞ்சு தெரியும், கேமரா கெட்டுடுச்சுன்னு பயப்படாதீங்க, சென்சார் வரிவரியா படிக்கறதால வர்றது அது.

ஸ்டெப் 5: வீட்டுக்காரங்க கிட்ட சொல்லிடுங்க, ஆனா பொண்ணோட அம்மாகிட்ட இல்ல. தாய்மாமாகிட்ட தனியா, "மாமா, சின்ன பிரச்சனை, எடுத்துட்டுதான் இருக்கேன், சொந்தக்காரங்க போன்ல எடுத்ததையும் எனக்கு அனுப்ப சொல்லுங்க"ன்னா அவரே பாத்துக்குவாரு.

அப்டேட்: கிள்ளான்லேருந்து ஒரு தங்கச்சி கமெண்ட்ல கேட்டிருந்தாங்க, எல்லாம் சரியா இருக்கு ஆனா கார்டு லாக்குன்னு காட்டுதுன்னு. விழுந்த வேகத்துல எஸ்டி கார்டு ஓரத்துல இருக்கற அந்த குட்டி லாக் துண்டு தெறிச்சு போயிருக்கும்மா. அந்த பள்ளத்து மேல செலோடேப் ஒரு சுத்து ஒட்டி போடுங்க, எழுதும். ரெண்டு சுத்து ஒட்டினா ஸ்லாட்டுல மாட்டிக்கும். வீட்டுக்கு வந்து காப்பி பண்ணதும் அந்த கார்ட தூக்கி போட்டுடுங்க.