லினக்ஸ் மின்ட் போடும் முன் விண்டோஸ் லேப்டாப்பைத் தயார் செய்வது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதற்காக நன்றாக ஓடும் லேப்டாப்பை ஒதுக்க வேண்டாம். விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். நிறுவுவது சுலபம்தான், முன்வேலையில்தான் கவனம் வேண்டும்.

1. கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். டி டிரைவில் போட்டு வைப்பது பேக்கப் ஆகாது, அதுவும் அதே டிஸ்க்தான்.

2. செட்டிங்ஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் வசதி) ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொண்டு, என்கிரிப்ஷனை அணையுங்கள். முழுதாக நீங்கும்வரை பொறுங்கள்.

3. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது.

4. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை ரைட் கிளிக் செய்து, ஷ்ரிங்க் வால்யூம். மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி போதும் என்கிறார்கள். நான் 100 ஜிபி கொடுப்பேன். அந்த இடத்தில் புது டிரைவ் உருவாக்காமல் காலியாகவே விடுங்கள்.

5. என்னை அதிக நேரம் உட்கார வைத்த இடம் இது. பென்டிரைவிலிருந்து மின்ட் நிறுவியைத் திறந்தால் லேப்டாப்பின் டிஸ்க்கான எஸ்எஸ்டியே காட்டவில்லை! பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) டிஸ்க்கை இயக்கும் முறையான ஸ்டோரேஜ் மோட் 'ரெய்டு' அல்லது 'இன்டெல் ஆர்எஸ்டி' என்று இருந்தால் இப்படி ஆகலாம். அதை 'ஏஹெச்சிஐ' என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். ஏஹெச்சிஐக்கான டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) விண்டோஸ் தொடக்கத்தில் ஏற்றுவதில்லை. வழி இருக்கிறது: ஸ்டார்ட்டில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் தேடி, பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ வைத்துச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து, டிரைவரைத் தானே சரிசெய்துகொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். அவ்வளவுதான்.

6. மின்ட்டை நிறுவப் பென்டிரைவ் வேண்டும். அதைத் தயார் செய்யும் மென்பொருளில் என் தேர்வு வென்டாய். ஒருமுறை தயார் செய்துவிட்டால் ஐஎஸ்ஓவை (மின்ட்டின் நிறுவல் கோப்பு) அப்படியே நகலெடுத்துப் போடலாம். பென்டிரைவில் இருப்பதெல்லாம் முதலில் அழிந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

பின்சேர்க்கை: சேஃப் மோடில் பின் எண்ணை ஏற்கவில்லை என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அங்கே பின் எண் வேலை செய்யாமல் போவது உண்டு. ஐந்தாம் படியைத் தொடங்கும் முன்பே உங்கள் விண்டோஸ் கணக்கின் பாஸ்வேர்டு சரியாக நினைவிருக்கிறதா என்று ஒருமுறை லாகின் செய்து பார்த்துவிடுங்கள்.